மைக்கை வாங்கிய அக்கா

"நீங்களே பேசிடுங்க தம்பி, எனக்கு நாக்கு ஒட்டிக்குது" என்று நேற்று ராத்திரி வரை சொன்ன எதிர்வீட்டு அக்கா, இன்று காந்தி ஜெயந்தி கிராம சபையில் எழுந்து நின்றார்.

கையில் தினசரி காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில் மூன்றே வரி.

அந்தத் தாள் நடுங்கியது நான்கு வரிசை பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. மைக்கில் முதலில் வந்தது மூச்சுச் சத்தம்தான். யாரோ சிரித்தார்கள்.

அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி. பத்துக் குடம் நிறையறதுக்குள்ள நின்னுடுது."

அப்புறம் தடையே இல்லை. குழாய் எந்த இடத்தில் உடைந்தது, எத்தனை மாதமாக, எல்லாம் வந்தது.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கை நடுங்கும். உடம்பு நம்மைக் காப்பாற்றத் தயாராகிற விதம் அது. பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று நானும் பல வருஷம் காத்திருந்தேன். அக்காவுக்குக் கடைசி வரை விரல் நடுக்கம் நிற்கவில்லை. தினம் இடுப்பில் சுமக்கிற குடத்தைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான்.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபை. ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், யாரும் பேசலாம். பேசிப் பழகிய நாலு பேரோடு அது முடிந்துவிடக் கூடாது என்று மனசார ஆசைப்படுகிறேன்.

குழாய் விஷயம் தீர்மானத்தில் ஏறியது. திரும்பி வரும்போது அக்கா கேட்டார்: "அடுத்தது நவம்பர் 1 தானே தம்பி?"