ஆங்கிலேய வடிவம், மெட்ராஸ் சுண்ணாம்பு

சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை வரைந்தவர் கர்னல் ரொனால்ட் மக்பெர்சன். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷியரில் இடிந்து கிடக்கும் 13ஆம் நூற்றாண்டு நெட்லி மடத்தின் சாயலில் வரைந்தார் என்பார்கள். ஒல்லியாக உயர்ந்து உச்சியில் கூராகும் சாளரங்கள் அந்தக் காலத்து அடையாளம்.

இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களின் வயதைக் கணிக்கவும் முதலில் சாளரத்தைத்தான் பார்க்க வேண்டும். அரைவட்ட வளைவு என்றால் நார்மன் பாணி வேலை, 12ஆம் நூற்றாண்டோடு முடிந்தது. கூரான ஒற்றைச் சாளரம் 13ஆம் நூற்றாண்டு. கல் வேலைப்பாடு கொடிபோல் வளைந்து பின்னினால் 14, செங்குத்துக் கற்சட்டங்களாக நிமிர்ந்தால் பெரும்பாலும் 15. பணம் சேரச் சேரக் கட்டியதால் பல ஊர்களில் இவை ஒரே கட்டடத்தில் கலந்திருக்கும். நம்முடையதோ 1856இல் அடிக்கல், 1861இல் முதல் ஆராதனை. அதனால்தான் இவ்வளவு சீராக இருக்கிறது.

வடிவம் அங்கிருந்து வந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். கல்லுக்குப் பதில் செங்கல், அதன்மேல் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. வேலையை மேற்பார்த்த மக்நேர் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். மணல் கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்துக் களியாக அடிப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை அதில் கலப்பார்கள். பூசிக் காய்ந்தபின் உருண்டைக் கல்லாலோ படிகக் கல்லாலோ தேய்ப்பார்கள். நடுநடுவே மாக்கல் பொடியைத் தூவுவார்கள். பளபளப்பு வரும்வரை தேய்ப்பு நிற்காது. இந்த உழைப்பைச் சொல்லாமல் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல இறுகும். வெல்லம் அந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்தி, பூசுவதற்கு வாகாக வைத்திருக்கும். வெயிலில் சட்டென உலர்ந்தால் வெடிக்கும். தடிமனாகப் பூசினால் உள்பக்கம் இறுகாது. இறுகியபின்னும் ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூசினால் இந்த வழி அடைபடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் செங்கல்லிலேயே தங்கி, உப்பு பூத்து, பூச்சு கொப்பளித்து உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

இதே இடத்தில் முன்பிருந்த, கட்டடக் கலைஞர் கோல்மன் வரைந்த தேவாலயம் 1845இலும் 1849இலும் இடி விழுந்து பழுதாகி, 1852இல் மூடப்பட்டது. புதியதற்கும் முதலில் கனமான கோபுரம்தான் திட்டம். அஸ்திவாரம் தாங்காது என்று தெரிந்ததும் எடை குறைந்த கூம்பு வந்தது.

உள்ளே போனால் பீடத்துக்குப் பின்னுள்ள மூன்று வண்ணச் சாளரங்களைப் பாருங்கள். ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் சிங்கப்பூரை நிர்வகித்த ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் ஆகியோரின் நினைவாக வைக்கப்பட்டவை. பீடம் கிழக்கில் இருப்பதால் காலையில் போவது நல்லது.