டேப்லெட் சரி, சார்ஜ் எங்கே போடுவது?

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் டேப்லெட் கொடுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் ஒரு மழைநாளில் ஏற்காட்டுக்கு மேலே எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். கரண்ட் போனால் டவரும் கூடவே போய்விடும், 2018-இல் வரத் தொடங்கிய புதுப் பாடப்புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடை அப்பா போனில் ஸ்கேன் பண்ணிவிட்டு வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் இங்கே அதிகம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயத்தின் நான்கு அறைகளைச் சாக்பீஸில் வரைந்து காட்டுவதும், வால்வு திறந்து மூடுவதைத் திரையில் காட்டுவதும் ஒன்றா? ஆனால் 40 டேப்லெட் என்றால் 40-க்கும் சார்ஜ் போட வேண்டுமே, எங்கள் வகுப்பில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் பின்னை அழுத்திப் பிடித்தால்தான் ஏறும்.

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் 2013-இல் ஐபேட் கொடுத்தார்கள், கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் பூட்டைத் தாண்டி யூடியூபுக்குப் போய்விட்டார்கள் (கெட்டிக்காரப் பசங்க!), மறு வருஷம் ஐபேட் வாங்குகிற ஒப்பந்தமே நின்றுபோனது.

பாடத்தை முன்கூட்டியே இறக்கி, நெட் இல்லாமலும் ஓடுகிற மாதிரி கொடுங்கள். முதலில் வாத்தியார்களுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. ரிப்பேர் ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு யார் எடுத்துப் போவது என்பதையும் இப்போதே முடிவு பண்ணிவிடுங்கள்.