பேங்க காப்பாத்தலாம், ஓனர எதுக்கு காப்பாத்தணும்?

மூழ்குற பேங்க கவர்மென்ட் காசு குடுத்து தூக்கி விடலாமான்னு கேட்டா, முன்னெல்லாம் யோசிக்காம கூடாதுன்னுதான் சொல்வேன். லாபம் வந்தப்ப போனஸ் வாங்குனவங்க நஷ்டத்தையும் அவங்களே சுமக்கட்டும், மக்கள் வரிப்பணம் எதுக்கு? 2008 செப்டம்பர்ல என்ன நடந்துச்சுன்னு நாள் வாரியா படிச்சப்புறம்தான் அந்த பதில் பாதிதான் சரின்னு புரிஞ்சுது.

செப்டம்பர் 15 அமெரிக்கால லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய முதலீட்டு பேங்க் திவால், கவர்மென்ட் கை குடுக்கல. மறுநாளே ரிசர்வ் பிரைமரி ஃபண்டுன்னு ஒரு மணி மார்க்கெட் ஃபண்ட், ஒரு டாலர் போட்டா ஒரு டாலர் அப்படியே இருக்கும்னு எல்லாரும் நம்புனது, லேமனோட கடன் பத்திரம் கையில இருந்ததால 97 சென்ட்டுக்கு இறங்கிடுச்சு. உடனே இந்த மாதிரி ஃபண்ட்ல பணம் வெச்சிருந்தவங்க எல்லாம் பயந்து எடுக்க ஆரம்பிச்சாங்க, ஆனா கம்பெனிங்க அன்னாட செலவுக்கு வாங்குற சின்ன கால கடன்ல பெரிய பங்கு அப்ப குடுத்ததே இந்த ஃபண்டுங்கதான், அதனால லேமன் கூட எந்த சம்பந்தமும் இல்லாத கம்பெனிக்கெல்லாம் மூச்சு முட்டுச்சு.

பேங்க்ல நாம போட்ட பணம் பெட்டிக்குள்ள இருக்காதுல்ல, பெரும்பாலும் 20 வருஷ வீட்டுக்கடனா வெளிய போயிருக்கும். நல்லா ஓடுற பேங்க்லயே எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா கையில இருக்கறத அடிமாட்டு விலைக்கு வித்துத்தான் குடுக்கணும், அந்த விலை மத்த பேங்கோட கணக்கையும் கெடுத்துடும். அதனால டெபாசிட்டையும் பணப் பரிமாற்றத்தையும் காப்பாத்தியே ஆகணும், இதுல எனக்கு இப்ப சந்தேகமே இல்ல.

எனக்கு கோவம் வர்ற இடம் அடுத்தது. காப்பாத்தும்போது யார் தலைல செலவ கட்டுறீங்க?

ஸ்வீடன்ல பேங்குங்க மூழ்குனப்ப, 1992ல டெபாசிட் போட்டவங்களுக்கும் கடன் குடுத்தவங்களுக்கும் முழு கேரன்டி குடுத்தாங்க, ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு குடுக்கல. கோட்டா பேங்க் அரசு கைக்கு வந்துடுச்சு, ஓனருங்க போட்ட காசு போச்சு. வாராக்கடன எல்லாம் செக்யூரம், ரெட்ரிவான்னு தனி கம்பெனிக்கு மாத்தி நிதானமா வித்தாங்க, பின்னாடி பேங்க் ஷேரையும் வித்து செலவுல பெரும்பகுதிய மீட்டுட்டாங்க.

அயர்லாந்து 2008 செப்டம்பர் கடைசில ஒரே ராத்திரில முடிவெடுத்து ஆறு பேங்குக்கு கேரன்டி குடுத்துச்சு, டெபாசிட்டுக்கு மட்டும் இல்ல, பாண்டு, அதாவது பேங்கோட கடன் பத்திரம், வாங்குன பெரிய முதலீட்டாளருக்கும் சேத்து. ரிஸ்க் எடுக்கத்தான அவங்க வட்டி வாங்குனாங்க? கடைசில பேங்குகளுக்குள்ள அரசு கொட்டுனது கிட்டத்தட்ட 64 பில்லியன் யூரோ. 2010ல ஐரோப்பிய யூனியன் கிட்டயும் ஐஎம்எஃப்ங்கற சர்வதேச நாணய நிதியம் கிட்டயும் கடனுக்காக போய் நின்னாங்க, அரசு ஊழியர் சம்பளத்தையும் நலத்திட்டத்தையும் வெட்டுனாங்க. அந்த பாண்ட வாழ்க்கைல பாத்தே இராத நர்சும் டீச்சரும் அதுக்கு விலை குடுத்தாங்க. இத படிக்கும்போதெல்லாம் மனசு ஆறவே மாட்டேங்குது.

அமெரிக்கால போட்ட காசு லாபத்தோட திரும்பி வந்துச்சேன்னு சிலர் சொல்றாங்க. பேங்குகளுக்கு போட்டது வந்துச்சு, உண்மைதான். ஆனா கவர்மென்ட் இருக்கு பாத்துக்கும்னு ஒரு நம்பிக்கை பேங்குங்க மனசுல உக்காந்துடுச்சே, அது எந்த கணக்குல வருது? ஏஐஜிங்கற இன்சூரன்ஸ் கம்பெனி அரசு காசுல உயிரோட இருந்த 2009லயே, நஷ்டத்த உண்டாக்குன அதே பிரிவுக்கு 165 மில்லியன் டாலர் போனஸ் குடுத்துச்சு.

2023 மார்ச்ல அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர் எடுக்க வந்துட்டாங்க. அங்க ஷேர்ஹோல்டர்ஸ காப்பாத்தல, நிர்வாகத்த தூக்கிட்டாங்க, டெபாசிட் இன்சூரன்ஸ் வரம்பான 250,000 டாலருக்கு மேல இருந்த டெபாசிட்டையும் முழுசா குடுத்துட்டு, அதுல ஆன நஷ்டத்துக்கு மத்த பேங்குங்ககிட்ட தனி கட்டணம் வசூல் பண்ணாங்க. வரம்புக்கு மேல முழுசா குடுத்தது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு, ஆனா பில்ல பேங்குங்க பக்கம் அனுப்புனாங்க பாருங்க, 2008லயே அத செஞ்சிருக்கணும்.