யூரின் பையை யாரும் பாக்கல

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு சித்தி போன். மறுநாள் காலைல சித்தப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். "ஏம்ப்பா, காலைல பச்சத்தண்ணி கூட குடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அப்ப பிபி மாத்திரைய என்ன பண்றது?" என்ன மாத்திரைன்னு கேட்டா "அந்த வெள்ளை மாத்திரைதான்"ங்கறாங்க. எல்லா மாத்திரையும் வெள்ளைதான் சித்தி, அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன். ரெண்டு அட்டை வந்துச்சு, ஒண்ணு மெட்டோப்ரோலால், இன்னொண்ணு டெல்மிசார்டன்.

மெட்டோப்ரோலால வழக்கம்போல காலைல ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கலாம், டெல்மிசார்டன் மட்டும் நாளைக்கு வேணாம், எதுக்கும் அங்க இருக்கற மயக்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கன்னு சொன்னேன். ரெண்டும் பிபி மாத்திரைதானே, ஒண்ணு மட்டும் ஏன்? மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரைய பல வருஷம் போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா இதயம் தறிகெட்டு ஓடும். டெல்மிசார்டன் வகை உடம்புல இருக்கும்போது மயக்க மருந்து குடுத்தா பிபி சில பேருக்கு பொத்துனு விழும், விழுந்தா என்னை மாதிரி மயக்க டாக்டருங்க வழக்கமா போடுற ஊசிக்கு லேசுல ஏறாது. அதனால பல இடத்துல 24 மணி நேரம் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க. அதுக்காக பிபி உள்ளவங்க எல்லாருக்கும் ஆபரேஷன் அன்னிக்கு மெட்டோப்ரோலால ஆரம்பிச்சுடலாமான்னா அதுவும் கூடாது, 2008ல வந்த பாய்ஸ் (POISE) ஆய்வுல இதய நோய் இருக்கற, இல்ல வர வாய்ப்புள்ள எட்டாயிரத்துக்கு மேல பேர வச்சு அப்படி ஆரம்பிச்சுப் பாத்தாங்க, ஹார்ட் அட்டாக் கொறஞ்சுது, ஆனா ஸ்ட்ரோக்கும் சாவும் கூடிருச்சு.

வெளியில உக்காந்திருக்கற சொந்தக்காரங்களுக்கு ஒரே பயம்தான், உள்ள பிபி ஏறிடுமோன்னு. எங்களுக்கு ஏறுறத விட இறங்குறதுதான் பயம். பிபி உள்ள ஆள் டேபிளுக்கு வரும்போது 170, தூங்க வைக்கற ஊசி ப்ரொபோஃபால் உள்ள போன ரெண்டு நிமிஷத்துல 90, தொண்டைய பாக்கற லாரிங்கோஸ்கோப்ப உள்ள வச்சு மூச்சு ட்யூப் போட்டோம்னா சொய்ங்னு 210. அஞ்சு நிமிஷத்துக்குள்ள இவ்வளவு ஆட்டம். பிபி உள்ளவங்களுக்கு இந்த ஆட்டம் அதிகம்னு ப்ரிஸ்-ராபர்ட்ஸ்ங்கற மயக்க டாக்டரோட குழு 1971லயே எழுதிட்டாங்க. அதான் ட்யூப் போடுறதுக்கு முன்னாடி ஃபென்டனில்ங்கற வலி மருந்த குடுத்து அது வேலை செய்ய ரெண்டு மூணு நிமிஷம் காத்திருக்கறது, அவசரப்பட்டா மானிட்டர் கத்தும்.

பல வருஷமா 160லயே ஓடிட்டு இருந்த மூளைக்கும் கிட்னிக்கும் நம்ம 110 நார்மல் இல்ல, பட்டினி. அதனால டேபிள்ல பிபிய "நார்மல்" ஆக்குறது எங்க வேலையே இல்ல, அந்த ஆளோட வழக்கமான பிபிலேர்ந்து ஏறக்குறைய 20 சதவீதத்துக்குள்ள வச்சிருக்கணும், மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் இடைப்பட்ட சராசரி பிரஷர் 65க்கு கீழ போகக்கூடாது, அவ்வளவுதான். இத எனக்கு பாடமா சொல்லித் தந்தாங்க, நான்தான் மண்டைல ஏத்திக்கல.

படிச்சு முடிச்ச புதுசு. முதுகுத்தண்டுல ஸ்க்ரூ போடுற கேஸ், ஐம்பத்தி சொச்சம் வயசு ஆள், பிபி பத்து வருஷமா இருக்கு. கவுத்துப் படுக்க வச்சாச்சு, மேல பச்சைத்துணி மூடியாச்சு, மொத ஒண்ணரை மணி நேரம் கல்லு மாதிரி 130/80. அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சுது. 150, 165, 180. வலி பத்தலையோன்னு ஃபென்டனில் குடுத்தேன், மயக்க வாயு செவோஃப்ளூரேன கூட்டினேன், ஒண்ணும் நகரல. இதுக்குள்ள சர்ஜன், "டாக்டர், ரத்தம் ஊறிட்டே இருக்கு, பிபி எவ்வளவு?" அந்தக் கேள்விக்கு நம்பர சொல்றதுக்கே கூச்சமா இருந்துச்சு. பிபி இறக்கற ஊசி லேபடலால் 10 மில்லிகிராம். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு 10. அப்பவும் 190ங்கவும் அதே வேலைக்கு நைட்ரோகிளிசரின் ட்ரிப்பையும் தொடங்கிட்டேன்.

தியேட்டர்ல ஒரு அண்ணன் இருந்தாரு, ரிட்டயர்மென்ட் பக்கம், கீழ கெடந்த பஞ்சு எண்ணிட்டு இருந்தவரு கேட்டாரு, "சார், பையில ஒரு சொட்டு கூட ஏறலயே, சலைன் அத்தனை ஓடிருக்கே?" குனிஞ்சு பாத்தா யூரின் ட்யூப் நோயாளியோட தொடைக்கடியில மாட்டி மடிஞ்சு கெடக்கு. துணிக்கடியில கைய விட்டு நிமித்தினாரு. பை நிமிஷத்துல ரொம்புச்சு, எழுநூறு மில்லிக்கு மேல.

மயக்கத்துல இருக்கற ஆளுக்கு மூத்திரப்பை முட்டினாலும் உடம்பு சும்மா இருக்காது, வாயால சொல்ல முடியாததனால பிபி மூலமா சொல்லுது. அந்த மனுசன் ஒரு மணி நேரமா என்கிட்ட சொல்லிட்டே இருந்திருக்காரு, நான் வாயப் பொத்துறதுலயே குறியா இருந்தேன்.

கதை அதோட முடியல. முட்டிட்டு இருந்தது போயிருச்சு, ஆனா நான் குடுத்த லேபடலால் போகுமா? அது மணிக்கணக்குல நிக்கும். 190 இருந்தது 80/50, நாடி 52. ட்ரிப்ப நிறுத்தி, செவோவ கொறைச்சு, சலைன வேகமா விட்டு, பிபி ஏத்தற மெஃபென்டெர்மின் 6 மில்லிகிராம், மறுபடி 6. கவுந்து கெடக்கற ஆளுக்கு பிபி அடியில போய் நின்னா கண்பார்வைக்கே ஆபத்து. இருபது நிமிஷம் போல ஆச்சு நெலைக்கு வர, எனக்கு அது ஒரு நாளா இருந்துச்சு. நோயாளிக்கு ஒண்ணும் ஆகல, மறுநாள் ரவுண்ட்ஸ்ல "டாக்டர், என் பிபி ஒழுங்கா இருந்துச்சா?"ன்னு கேட்டாரு. கொஞ்சம் ஏறி இறங்குச்சுன்னு சொன்னேன். முழுசா சொல்லிருக்கணும். சொல்லல.

அதுக்கப்புறம் நம்பர் ஏறினா கை மருந்து ட்ரே பக்கம் போறதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் பாத்துருவேன். கை தடிச்ச ஆளுக்கு சின்ன கஃப் கட்டிருந்தா பிபி பொய்யா ஏத்திக் காட்டும். ரத்தக்குழாய்க்குள்ளயே பிபி பாக்கற ஆர்ட்டீரியல் லைன்ல, அளக்கற ட்ரான்ஸ்டியூசர் பத்து சென்டிமீட்டர் கீழ இறங்கிருந்தா ஏழெட்டு கூடவே வரும், டேபிள ஏத்தும்போது இது அடிக்கடி நடக்கும். மயக்க வாயு விடற வேப்பரைசர் காலியா இருக்கும், டயல் மட்டும் ரெண்டுல நிக்கும், இது நடந்ததுன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கார்பன் டைஆக்சைடு ஏறிருக்கலாம். சர்ஜன் சொல்லாம கொள்ளாம அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி லிக்னோகைன போட்டிருக்கலாம். கால் ஆபரேஷன்ல ரத்தம் வராம இறுக்கற டார்னிக்கே பட்டை கட்டி முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆச்சுன்னா மயக்கத்துலயும் பிபி தானா ஏறும், எவ்வளவு வலி மருந்து குடுத்தாலும் கேக்காது, அவுத்தா அதுவா இறங்கும், அந்த நேரத்துல நீளமா நிக்கற மருந்த போட்டு வச்சிருந்தா என் கதைதான். எல்லாம் பாத்தும் காரணம் இல்லைன்னாதான் மருந்து, அதுலயும் எஸ்மோலால் மாதிரி பத்து நிமிஷத்துல போயிடறது எனக்கு இப்ப பிடிக்கும். முன்னாடி நிஃபெடிபின் கேப்சூல ஓட்டை போட்டு நாக்குக்கடியில விடுவாங்க, பிபி எங்க போய் விழும்னு சொல்ல முடியாதுங்கறதால அத இப்ப நல்லவேளையா விட்டுட்டாங்க.

சித்தப்பா விஷயத்துக்கு வரேன். வார்டுல 150/90 இருந்தவரு தியேட்டர் லைட்ட பாத்ததும் 184/100. மேல் நம்பர் 180 தாண்டிருச்சேன்னு கேன்சல் பண்ணிருவாங்களோன்னு சித்தி அழுதுட்டாங்க. 180/110ங்கற கணக்கு இங்கிலாந்து மயக்க டாக்டர்கள் சங்கமும் ஹைப்பர்டென்ஷன் சங்கமும் 2016ல சேர்ந்து சொன்னது, அதுக்கு கீழ இருந்தா தள்ளிப்போட வேண்டியதில்லைன்னு. அங்க இருந்த டாக்டர் நிதானமானவர் போல, பதட்டம் தணிக்க கொஞ்சம் மிடசோலம் குடுத்து, பேச்சுக் குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு பாத்திருக்காரு, 156. முதுகுல ஊசி போட்டு முடிச்சுட்டாங்க.

சாயங்காலம் மறுபடி சித்தி போன். காலைல விட்ட டெல்மிசார்டன ராத்திரிக்கு சேத்து ரெண்டா போட்டுடலாமான்னு. ஐயோ வேணாம் சித்தி, நாளைக்கு காலைல பிபி பாத்துட்டு ஒண்ணு போட்டா போதும், அதுக்கு முன்னாடி அவர் யூரின் போனாரான்னு கேளுங்க.