பழைய பெட்டிக்கு ஒரு கார்டு
2014-இல் வாங்கிய, ஐ5 4590 பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் வீட்டில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. பையனுக்காகக் கிராபிக்ஸ் கார்டு தேடி சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் நீட்டியது ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான், பவருக்குத் தனி வயர் வேண்டாம். ஆனால் அதில் நாலே நாலு லேன், அதாவது போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே டேட்டா போய்வரும் பாதை. நம் மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட்டோ பழைய 3.0 தலைமுறை. புது போர்டில் வருகிற வேகம் இதில் வராது. "வித்தியாசமெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்" என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியுமே!

கடைசியில் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650. 16 லேன், 75 வாட், அந்தப் பவரை ஸ்லாட்டே கொடுத்துவிடும். அதிலும் சில மாடல்கள் பவருக்குத் தனியாக 6 பின் வயர் கேட்கும், என் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளையில்) அது கிடையாது. விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சாக்கெட் இல்லாததாக எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் விசிறி முழுக்கத் தூசு. சரி, முதலில் பெயின்ட் பிரஷ்.