கேட்டவுடன் பூச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள்: வயல்வெளிப் பள்ளி நடத்துவோருக்கு

"சார், இது என்ன பூச்சி?" உழவர்கள் வயலிலேயே கூடிப் பயிரையும் பூச்சியையும் பார்த்துக் கற்கும் உழவர் வயல்வெளிப் பள்ளியில் முதல் வாரமே இந்தக் கேள்வி வந்துவிடும். பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். இரண்டுக்கும் பதில் சொன்னால் அங்கே நடப்பது பள்ளி இல்லை, மருந்துக் கடை. "எங்க பிடிச்சீங்கண்ணே? இலையிலயா, அடித்தண்டுலயா? அப்ப அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். முப்பது வருடம் நெல் போட்டவருக்குத் தெரியாத தகவலைக் கொடுப்பது நம் முதல் வேலை அல்ல. அவர் கண்ணில் தினமும் பட்டும் கணக்கில் சேராததைக் கணக்கில் சேர்க்க வைப்பதுதான் வேலை.

இந்தப் பள்ளி பிறந்தது இந்தோனேசியாவில். அங்கே பூச்சிமருந்து அதிகமாகி, நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் அழிந்ததால் புகையான் பெருகி நெல்லைக் காய வைத்தது. 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளை அரசு தடை செய்தது. ஆனால் தடை மட்டும் போட்டால் உழவருக்கு வயலைப் படிக்கத் தெரிந்துவிடாதே. அதற்காக 1989இல் தொடங்கியவை இந்தப் பள்ளிகள்.

ஒரு பள்ளிக்கு 20 முதல் 25 பேர், ஐந்து பேர் கொண்ட குழுக்கள், வாரம் ஒரு நாள், நடவு முதல் அறுவடை வரை. காலை ஏழு மணிக்கே வயலில் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் பூச்சிகள் அடியில் பதுங்கிக்கொள்ளும், ஆட்களின் கவனமும் கலையும். நடவு, களை வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏழு மணி ஒத்துவராது என்றால் அவர்களிடமே நேரத்தைக் கேட்டு மாற்றுங்கள். நெல் குத்தின் (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகளின்) அடியை மற்றவர்களைவிட அதிகம் பார்த்திருப்பவர்கள் அவர்கள்தான்.

முதல் நாள் பேச்சு வேண்டாம், ஓட்டுப் பெட்டி வையுங்கள். வயலில் பத்து இடத்தில் குச்சி நட்டு, நூலின் ஒரு முனையைக் காய்ந்த குருத்திலோ உயிருள்ள சிலந்தியிலோ கட்டுங்கள். மறுமுனையில் ஒரு கேள்வி, மூன்று விடை, மூன்று டப்பா. ஒவ்வொருவரும் தன் எண் எழுதிய சீட்டை ஒரு டப்பாவில் போட வேண்டும். எழுத்துப் பரீட்சை என்றால் பாதிப் பேர் மறுவாரம் வரமாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு டப்பா மேல் படம் ஒட்டி, கேள்வியை வாசித்துச் சொல்லுங்கள். நன்மை செய்யும் பொறிவண்டையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் எத்தனை பேர் எதிரி என்று போட்டிருக்கிறார்கள் எனப் பார்த்தாலே அந்தப் பருவத்தின் பாடத்திட்டம் கிடைத்துவிடும்.

இனி வாராவாரம் செய்யும் முக்கிய வேலை, எண்ணுவது. ஒவ்வொரு குழுவும் 10 குத்து பார்க்க வேண்டும். அதிகம் பிழைபடுவது இங்கேதான். கண் தானாகவே சேதமான குத்துக்குப் போகும், கால் தானாகவே வரப்போரம் நிற்கும். அதனால் உள்ளே பத்து எட்டு நடந்து, வலது காலுக்கு நேரே உள்ள குத்தை எடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள். குத்தை லேசாகத் தட்டி அடித்தண்டைப் பார்க்காவிட்டால் புகையான் கணக்கில் வராது. எழுத முடியாதவர்கள் ஒரு பையில் பூச்சிக்கு ஒரு புளியங்கொட்டை, இன்னொரு பையில் சிலந்திக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே வரலாம். சீட்டில் எழுதுவதைவிட இந்தக் கணக்கு பல நேரம் சரியாக வருகிறது.

எண்ணி முடித்ததும் சார்ட்டில் படம். நடுவில் பயிர், இடப்பக்கம் தீமை செய்யும் பூச்சி, வலப்பக்கம் நன்மை செய்யும் பூச்சி, மேலே வெயிலோ மேகமோ, கீழே தண்ணீர் அளவு. ஸ்கெட்ச் பேனாவைப் படித்த இளைஞர் ஒருவர் கைப்பற்றிக்கொண்டால் மற்ற நால்வரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். வாரம் ஒருவர் வரைவது, வேறொருவர் எழுந்து பேசுவது என்று சுழற்றுங்கள். பெரிய பண்ணைக்காரர் உள்ள குழுவைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்வார்கள்.

மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. ஒரு குழு 10 குத்தில் 200 தூரும் (குத்திலிருந்து கிளைக்கும் தண்டுகள்) 300 புகையானும் எண்ணியதாக வைத்துக்கொள்வோம். தூருக்கு ஒன்றரை. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒன்று என்பதே பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. அதைத் தாண்டியாகிவிட்டது. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் அந்த நிலை தூருக்கு இரண்டு, இன்னும் பொறுக்கலாம். எண் ஒன்று, முடிவு இரண்டு. இதை நீங்கள் பலகையில் எழுதினால் தலையாட்டுவார்கள். இரண்டு குழுக்கள் வேறு வேறு முடிவோடு வந்து வாதாடினால் வீட்டுக்குப் போயும் பேசுவார்கள். வாதம் சூடானால் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அப்ப சிலந்திய எத்தனைன்னு எண்ணுனீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

சிலந்தி தின்னும் என்பதைச் சொல்லி நம்ப வைக்க முடியாது, காட்ட வேண்டும். இரண்டு மண்சட்டியில் நெல் குத்து நட்டு, நான்கு குச்சி ஊன்றிக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். இரண்டிலும் 20 புகையான், ஒன்றில் மட்டும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று. மறுநாள் அவர்களே எண்ணட்டும். மூடுவதற்கு முன் குத்தைக் கழுவி, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பூச்சிகளை நீக்காவிட்டால் கணக்கு குழம்பும். துணியின் அடி மண்ணில் புதையாவிட்டால் எறும்பு உள்ளே போய்விடும். சட்டி நிழலில் இருக்கட்டும்.

இலையைச் சுருட்டி உள்ளிருந்து பச்சையைச் சுரண்டி வெள்ளையாக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கு இன்னொரு சோதனை. நட்ட 20, 25 நாளில் ஒரு சதுர மீட்டரில் உள்ள குத்துகளின் இலைகளைக் கத்தரியால் பாதிக்குப் பாதி வெட்டிவிட்டு, கொடி நட்டு வையுங்கள். பக்கத்தில் வெட்டாத ஒரு சதுர மீட்டர். வாராவாரம் இரண்டையும் பார்க்க வேண்டும், அறுவடையில் தனித்தனியே எடை போட வேண்டும். இளம்பயிர் இழந்த இலையை ஈடுகட்டித் தழைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், வெள்ளை இலை கண்ட அன்றே மருந்து அடிக்கும் கை தயங்கும். கதிர் வரும் காலத்துக் கண்ணாடி இலைக்கு (கதிரை ஒட்டிய கடைசி இலை) இது பொருந்தாது என்பதையும் அப்போதே பேச வேண்டும். வளர்பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம் வரை பொறுக்கலாம், பூக்கும் தருணத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம்தான். இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், வயல்காரர் சம்மதிக்கமாட்டார் என்று. ஒரு சதுர மீட்டர்தான் என்று அளந்து காட்டினால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, பூச்சியை டப்பாவில் போட்டு நெல் இலையோடு வைத்து, அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் அந்த டப்பாவை மறக்காமல் கொண்டுவர வேண்டும். மறந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் பிறகு கேட்கவே மாட்டார்.

கடைசி வாரம் அதே ஓட்டுப் பெட்டி, அதே பத்துக் கேள்வி, மாதிரிகள் மட்டும் புதிது. ஆளுக்கு எத்தனை மதிப்பெண் என்று வாசிக்க வேண்டாம். எந்தக் குச்சியில் பலர் தவறினார்களோ அந்தக் குச்சியைக் குறித்து வைத்து, அடுத்த பருவத்தில் அதற்கு ஒரு வாரத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள்.