ஆனியில் கல்யாணம், மாசியில் குழந்தை

என் கணவர் மாசசூசெட்ஸ்காரர். தன் பிறந்த வீட்டார் வெள்ளைக்கார ராஜா காலத்திலிருந்தே எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் இருப்பவர்கள் என்று மாமியார் அடிக்கடி சொல்வார், ஆனால் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் ஒரு பெயர்கூடத் தெரியாது. அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குள் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

1850 வரை சுலபம். அந்த வருட சென்சஸில்தான் முதல்முறையாக, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைத் தவிர்த்து, வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதினார்கள். அதற்கு முன்பு, 1790 முதல், குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி, பிள்ளைகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. அங்கேயே மூன்று வாரம் நின்றுவிட்டேன். கடைசியில் வழிவிட்டது ஒரு விதவையின் பென்ஷன் மனு. அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டவரின் மனைவி என்று நிரூபிக்க, வீட்டு பைபிளில் குடும்ப விவரம் எழுதிவைத்திருந்த தாளையே கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. நிறையப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஓரம் பிசிறிய அந்தத் தாளில் ஒன்பது பிள்ளைகள். மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் ஒரே பெயர். முன்னவன் இறந்தபின் பிறந்தவனுக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மேலே தேட முடியவில்லை.

அப்புறம் அந்த விதவையின் மாமனாரைப் பெற்றவர்களுக்குப் போனேன். ஊர்ப் பதிவேட்டில் அவர்களுக்குக் கல்யாணம் 1718 ஜூன் கடைசியில். முதல் பிள்ளை பிறந்தது 1718 பிப்ரவரி 20. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகுதான் தெரிந்தது, 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புது வருஷம் பிறந்தது மார்ச் 25-இல். அதாவது அந்தக் கணக்கில் பிப்ரவரி வருஷக் கடைசி. நாம் இன்று 1719 என்போம். நமக்கு இது புதிதா என்ன? சித்திரையில் வருஷம் பிறந்து, ஆனியில் கல்யாணம் நடந்து, அதே வருஷம் மாசியில் குழந்தை. ஏறக்குறைய எட்டு மாதம். குறைப்பிரசவமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்கு அது போதும். காலனி காலத் தேதி எதைப் பார்த்தாலும் ஜனவரி முதல் மார்ச் 24 வரை இருந்தால் நின்று யோசியுங்கள்.

1718-இல் கல்யாணம் செய்த அந்தக் கணவரின் உயிலையும் கவுண்டி ஆவணங்களில் கண்டுபிடித்தேன். மனைவிக்குக் கிழக்குப் பக்கத்து அறை, ஒரு பசு, சாகும்வரை குளிருக்கு வேண்டிய விறகு. அதை வெட்டி அவள் வாசலில் கொண்டுவந்து போடுவது மூத்த மகன் பொறுப்பு. அந்த வரியை மாமியார் இரண்டு முறை படிக்கச் சொன்னார். மூத்த மகன்தான் அந்த மாசிக் குழந்தை.